வெளிப்பக்கம் ஜிப் வைத்த பூட்ஸ்

வெண்பனி துப்பறியும் நிலையம், ஆம்பூரில் ஒரு சொல்யூஷன் கடையின் மாடியில் இருந்தது. ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுகிற பசைக்குத்தான் அந்த ஊரில் சொல்யூஷன் என்று பெயர். கீழே டப்பாவைத் திறந்தால் வாசனை நேராக மாடிக்கு ஏறும். அதனால் நிலையத்தின் நிறுவனரும் தலைமைத் துப்பறிவாளருமான ஏசுராஜுக்கு மதியத்துக்கு மேல் லேசாகத் தலை சுற்றும். அதைச் சிந்தனையின் ஆழம் என்று அவன் நம்பிவந்தான்.

பெயரும் அவன் வைத்ததுதான். அவன் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் துப்பறிவாளர்கள் பனி கொட்டும் தெருக்களில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்கள். ஆம்பூரில் கோட்டுப் போட்டால் வேர்க்குரு வரும். சரி, பனியையாவது போர்டில் எழுதிவைப்போம் என்று எழுதினான். ஐஸ் கம்பெனி என்று நினைத்துக் கல்யாண வீட்டுக்காரர்கள் சிலர் ஐஸ் பார் கேட்டு வந்ததுதான் அந்தப் பெயரால் கிடைத்த வியாபாரம்.

2007ஆம் வருடம் ஆகஸ்ட் மாதத்தின் ஒரு சனிக்கிழமை காலை, அந்த மாடிப்படியில் யாரோ வேகமாக ஏறிவரும் சத்தம் கேட்டது.

"யாரோ பேஜார்ல வர்றாங்க சார்," என்றாள் உதவியாளர் அஃப்ஸர் ஜஹான், தலை தூக்காமல். கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சம்பளம் கம்மி, சிரிப்பு ஜாஸ்தி என்று சொல்லி இந்த வேலையில் நீடிப்பவள்.

"காலடி ஓசையை வைத்தே ஒருவரின் மனநிலையை..." என்று ஏசுராஜ் தொடங்குவதற்குள் பிரிசில்லா உள்ளே வந்துவிட்டாள்.

"சார், அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சு போச்சு."

பிரிசில்லா ஊரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை செய்தாள். வேலூரில் ஆஸ்பத்திரி லேப்பில் இருக்கும் அபினேஷுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு உதவி கேட்டிருந்தாள். ஆர்குட் என்ற இணையதளத்தில் யாரோ அவள் பெயரில், அவள் போட்டோவோடு ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார்கள். ஆண் நண்பர்களை வரவேற்கிறேன் என்று அதில் போட்டிருக்கிறது. வாலிபர்கள் கண்டபடி எழுதிவைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டுவதற்குள் அது யார் வேலை என்று கண்டுபிடிக்க வேண்டும். "சத்தமில்லாம சார்," என்று படி இறங்கும்போதும் திரும்பிச் சொல்லிவிட்டுப் போனாள்.

"யார் சொன்னது அவங்களுக்கு?" என்றான் ஏசுராஜ்.

"தெரியல. நேத்து ராத்திரி அவரோட அப்பா போன் பண்ணாரு. நாளைக்கு மூணாவது ஓலை. சாயந்தரத்துக்குள்ள ஒரு விளக்கம் வரணுமாம். இல்லன்னா காலைல ஆராதனைக்கு முன்னாடி ஆயர்கிட்ட சொல்லி நிறுத்திடுவாங்களாம்."

அவர்கள் சபையில் திருமணத்துக்கு முன் இரு வீட்டார் கோயிலிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இரண்டு முறை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது முறை நின்றுபோனால் காரணத்தை யாரும் விசாரிக்கப் போவதில்லை. அவரவர் வீட்டில் அவரவரே ஒரு காரணம் தயாரித்துக்கொள்வார்கள்.

ஏசுராஜ் ஜன்னலருகே போய் நின்றான். நாவல்களில் இந்த இடத்தில் துப்பறிவாளர் ஜன்னலருகே போவார். எதிரே தோல் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பக்கத்தை உருவாக்கியவன்தான் வேலூருக்கும் சொல்லியிருக்கிறான். சொன்னவனைப் பிடித்தால் செய்தவன் கிடைப்பான்."

"ரெண்டு வாரமா நீங்க இன்னா சார் பண்ணீங்க?" என்று கேட்டாள் அஃப்ஸர்.

"இணையத்தில் ஒரு வலை விரித்திருக்கேன். முறையை முடிவுக்கு முன்னாடி உதவியாளர்கிட்ட சொல்ற வழக்கம் கிடையாது."

"வலையில இதுவரை இன்னா மாட்டுச்சு?"

"பொறுமை வேணும் அஃப்ஸர்."

"சரி, அந்தப் போட்டோவை நல்லாப் பார்த்தீங்களா?"

"இரண்டு வாரமாகப் பார்க்கிறேன். கண்களில் ஒரு சோகம் தெரிகிறது."

அஃப்ஸர் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். மூவரும் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். பக்கம் திறந்ததும் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பிரிசில்லாவின் முகம் தெரிந்தது. அஃப்ஸர் அதன்மேல் அம்புக்குறியை வைத்து ஒரு சொடுக்குப் போட்டாள். படம் திரை முழுக்க விரிந்தது.

"அது பெருசாகுமா?" என்றான் ஏசுராஜ்.

"ஆகும் சார். கண்ணுல சோகம் இருக்கா பாருங்க."

சோகம் ஒன்றும் இல்லை. பிரிசில்லா ஒரு மேசைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுடிதாரின் ஒரு காலை முட்டிவரை ஏற்றியிருந்தாள். அந்த வலது காலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்பு நிற பூட்ஸ். இடது காலில் நீல வார் வைத்த ஹவாய் செருப்பு.

ஏசுராஜின் தலைக்குள் உண்மையாகவே ஏதோ ஓடியது. சொல்யூஷன் வாசனை இல்லாத இடத்தில் அவன் மூளை சுமாராக வேலை செய்யும்.

"ஒரு கால்ல மட்டும் ஏன் பூட்ஸ்?"

"சாம்பிள் எப்பவும் ஒத்தைக் கால்தான் சார் செய்வோம்," என்றாள் பிரிசில்லா. அவள் இந்தப் படத்தை முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முன்பு சின்ன முகத்தைப் பார்த்த பயத்திலேயே மூடச் சொல்லியிருந்தாள். "வெளிநாட்டுல ஆர்டர் குடுக்கிற பையருக்கு ஒரு கால் போதும். என் பாதம் முப்பத்தேழு சைஸ். அதனால என்னைத்தான் போட்டுப் பார்க்கச் சொல்வாங்க."

"அப்போ இது சாம்பிள் ரூமுக்குள்ள எடுத்த படம்."

"ஆமா. ஆனா அங்க போன் எடுத்துட்டுப் போக முடியாது. கேமரா ஒண்ணுதான், கம்பெனியோடது. பையருக்கு மெயில் அனுப்ப..." பேசிக்கொண்டே வந்தவள் நின்றாள். திரைக்கு மிக அருகில் குனிந்தாள்.

"இன்னாம்மா?" என்றாள் அஃப்ஸர்.

"ஜிப்பு."

"ஜிப்புக்கு இன்னா?"

"வெளிப்பக்கம் இருக்கு அக்கா. பூட்ஸுக்கு ஜிப் உள்பக்கம்தான் வரும், ரெண்டு காலும் பார்த்துக்கிற பக்கம். இதுல பேட்டர்னைத் திருப்பி வச்சு வெட்டிட்டோம். சாப்பாட்டு நேரத்துல போட்டுப் பார்த்தா ஜிப் தெருவைப் பார்த்துட்டு நிக்குது. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. மாஸ்டர் சாப்பிட்டு வர்றதுக்குள்ள பிரிச்சு, வேற தோல் வெட்டித் தைச்சுட்டோம். அந்த பூட்ஸ் உலகத்துல இருந்ததே அவ்ளோ நேரம்தான் சார். பார்த்தவங்க ரெண்டே பேரு."

"நீயும்..."

"கிருபாவும்." குரல் இறங்கிவிட்டது. "அவதான் சார் வெட்டினா. அவதான் படம் எடுத்தா. அழிச்சுட்டேன்னு சொன்னா."

கிருபா அவளுடைய உயிர்த் தோழி. பக்கத்து மெஷின். நிச்சயத்துக்குப் பூ கட்டியவள். தலைவலி என்று அன்று லீவில் இருந்தாள்.

ஏசுராஜுக்குள் வெற்றி பொங்கியது. அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரிய நாவல்களின் நாயகர்களைப் போல உதட்டை இறுக்கினான். "பல்லு வலியா சார்?" என்று கேட்டுவிட்டு, படத்தைக் கலரில் பிரின்ட் போடச் சொன்னாள் அஃப்ஸர்.

கிருபாவின் ஊரான பேரணாம்பட்டுக்கு மூவரும் பஸ் ஏறினார்கள். பிரின்ட் பிரிசில்லாவின் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

கிருபாவின் வீட்டு வாசலில் அவள் அண்ணன் அந்தோணி மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏசுராஜைக் கண்டதும் துடைப்பதை நிறுத்தினான்.

"இவரு யாரு?"

"கம்பெனி சூப்பர்வைசர்," என்றாள் அஃப்ஸர் சற்றும் யோசிக்காமல். "ஒரு சாம்பிள்ல சந்தேகம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிட்டே போறோம்."

"சூப்பர்வைசர்னா வெயிட்டா இருப்பாங்க."

"டயட்ல இருக்காரு."

கிருபா வெளியே வந்தாள். பிரிசில்லாவைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி தாண்டி, அண்ணனின் பார்வை மறைந்த இடத்தில், பிரிசில்லா பிரின்டைத் திருப்பிக் காட்டினாள். கிருபா ஜிப்பைப் பார்த்தாள். பொய் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

"ஏன்டி?"

"என் பேர்ல ஆரம்பிச்சா அண்ணன் காலை ஒடிச்சிருவான்டி. போன்ல பேசினாலே யாருன்னு கேக்கிறவன். என் மூஞ்சியைப் போட்டா யாரும் பேசவும் மாட்டாங்க. உன் மூஞ்சிக்கு உடனே பேசினாங்க. சாப்டியா, தூங்கினியா, இன்னிக்கு இன்னா கலர் டிரஸ்ஸுன்னு. அதைப் படிச்சுட்டு வீட்டுக்கு வந்தா ராத்திரி நல்லாத் தூக்கம் வரும்."

"ஆண் நண்பர்கள் வரவேற்கப்படுறாங்கன்னு போட்டியே?"

"கட்டம் கட்டமா கேட்டுச்சு. கம்பெனி ஃபார்ம்ல அடிக்கிற மாதிரி எல்லாத்துலயும் டிக் அடிச்சேன். அப்புறம் அசிங்கமா எழுத ஆரம்பிச்சாங்க. உனக்கு நிச்சயம் ஆன அன்னிக்கோட எழுதறதை வுட்டுட்டேன். எப்படி அழிக்கறதுன்னு தெரியல. யாரைக் கேக்கறது?"

ஏசுராஜ் முன்னால் வந்தான். இது அவன் நேரம். "எழுதறதை விட்டவள் வேலூருக்கு ஏன் தகவல் சொன்னாய், கிருபா?"

"நானா? இவ கல்யாணம் நின்னா எனக்கு இன்னா சார் கிடைக்கும்?" அவள் மூக்கைத் துடைத்தாள். "அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். போன வாரம் பயத்துல திறந்து பார்த்தேன். ஒரு பொறுக்கி சார். வேலூர், ஆம்பூர்னு ஊர் போட்டிருக்கிற அத்தனை பேர் பக்கத்துலயும் போய் எழுதி வச்சிருக்கான். 'இப்பெண்ணை அறிவீர்களா? இவளது நடத்தை குறித்த தகவல்கள் வரவேற்கப்படுகின்றன'ன்னு. கீழயே நான் ஆரம்பிச்ச பக்கத்துக்கு லிங்க் வேற. அபினேஷ் தங்கச்சி கரோலின் இருக்கா இல்ல, அவ பக்கத்துலயும் எழுதிட்டான். அதுவரைக்கும் இந்தப் பக்கத்தை ஊர்ல யாருக்கும் தெரியாது. எல்லாம் வெளியூர்ப் பசங்கதான்."

அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டியவன் ஏசுராஜ்தான். அவன் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் பேரு இன்னா?" என்று அஃப்ஸர் கேட்டாள்.

"தனிமைப் பயணி. கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரன் படம் வச்சிருக்கான்."

அஃப்ஸர் மெதுவாகத் திரும்பினாள். மொத்தமாக அல்ல. முதலில் கண், பிறகு கழுத்து, பிறகு தோள்.

"சார்."

"ம்."

"கோட்டு. தொப்பி."

"அது... தனித்தனிக் கடிதம்னு நினைச்சேன். எழுதினவருக்கும் வாங்கினவருக்கும் மட்டும் தெரியும்னு."

"கடுதாசியா? செவுரு சார் அது! நடுத்தெரு செவுரு! ரெண்டு வாரமா ஊர்ல இருக்கிற எல்லா செவுத்துலயும் இவ பேரைப் பெயின்ட்ல எழுதிட்டு, வலை விரிச்சிருக்கேன்னு சொன்னீங்களே!"

குற்றவாளியைத் தேடி அவன் இவ்வளவு தூரம் பஸ் டிக்கெட் எடுத்து வந்திருக்க வேண்டியதில்லை. காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்திருந்தால் போதும். அவன் படித்த எந்த நாட்டு நாவலிலும் துப்பறிவாளன் இத்தனை சிரமப்பட்டுத் தன்னைத்தானே கண்டுபிடித்ததில்லை.

பிரிசில்லா அவனைத் திட்டவில்லை. "சத்தமில்லாமன்னு சொன்னேன் சார்," என்றாள். அவ்வளவுதான். அதைவிட அவள் நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அஃப்ஸர் கிருபாவை எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குள் இழுத்துப்போனாள். கொஞ்ச நேரத்தில் பிரிசில்லாவின் போலிப் பக்கம் உலகத்தில் இல்லாமல் போனது. "இவ்ளோதானா அழிக்கிறது?" என்று கிருபா கேட்டது வெளியே நின்ற ஏசுராஜுக்குக் கேட்டது.

"இனி வேலூர்," என்றான். "செய்தது யார், ஏன் என்று எல்லாவற்றையும் அபினேஷின் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்."

"கிருபா பேரு வெளிய வரக்கூடாது சார்," என்றாள் பிரிசில்லா.

"அவளையா காப்பாத்தற?" என்றான் ஏசுராஜ்.

"அவமேல எனக்குக் கோவம் இருக்கு. இந்த ஜென்மத்துக்குப் போதும். ஆனா அந்தோணி அண்ணனுக்குத் தெரிஞ்சா நாளைல இருந்து வேலைக்கு வர மாட்டா. வீட்டோட பீடி சுத்திட்டுக் கெடப்பா. அது எனக்கு வேணாம்."

"அப்ப யார் செய்ததுன்னு கேட்டா?"

"அதை நீங்கதான் யோசிக்கணும் சார்."

அபினேஷின் அப்பா ஞானசிகாமணி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். தாமதமாக வந்த மாணவர்களை நிறுத்திவைப்பதுபோல ஏசுராஜையும் அஃப்ஸரையும் கூடத்தில் நிற்கவைத்தார். சோபாவின் ஓரத்தில் அபினேஷ் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லூரி மாணவி கரோலின் கதவோரம் நின்றாள்.

ஏசுராஜ் பிரின்டைக் கொடுத்தான். ஒற்றைக் கால் பூட்ஸ், ஹவாய் செருப்பு, முப்பத்தேழு சைஸ், வேலைக்காகப் பூட்ஸ் போட்டுப் பார்த்தபோது விளையாட்டாக எடுத்த படம் என்று வரிசையாகச் சொன்னான். ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"சரி. வேலை செய்யும் இடத்துப் படம். பக்கத்தைத் தொடங்கினது யாரு?"

"சொல்ல முடியாது சார்."

"கண்டுபிடிச்சீங்களா, இல்லையா?"

"கண்டுபிடிச்சேன். பிரிசில்லா இல்லை. அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

"அப்ப எதை வச்சு நம்பறது?"

இந்த இடத்தில் பேசாமல் இருந்தால் ஓலை நிற்கும். பேசினால் வெண்பனி துப்பறியும் நிலையம் நிற்கும். ஏசுராஜ் தன் இருபத்தெட்டு வயதில் அவ்வளவு சீக்கிரமாக எந்த முடிவையும் எடுத்ததில்லை.

"கரோலின் பக்கத்தில் எழுதின தனிமைப் பயணி நான்தான் சார். அந்தப் பெண்ணை விசாரிக்கிற வேலையே எனக்குக் கிடையாது. பக்கத்தைச் செய்தது யாருன்னு சத்தமில்லாமல் கண்டுபிடிக்கச் சொல்லி அவளே என்னிடம் வந்தாள். தப்பு செய்தவள் துப்பறிகிறவனைத் தேடி வருவாளா? எங்கே எழுதுகிறேன், யார் படிப்பார்கள் என்று தெரியாமல் நான் எழுதினேன். உங்களுக்குத் தெரிந்ததே என்னால்தான்."

"கோட்டுப் போட்ட ஆளு நீங்களா?" என்று கரோலின் வாய்விட்டுக் கேட்டாள். அவனுடைய கசங்கிய அரைக்கைச் சட்டையைப் பார்த்த அவள் முகத்தில் ஏமாற்றம்கூட இருந்தது.

அபினேஷ் முதல்முறையாக நிமிர்ந்தான். "அப்பா, நான் அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"இப்ப கேளு. அந்த ரூம்ல போய் அவளுக்குப் போன் போட்டுப் பேசு," என்றார் அவர். மகன் போன பிறகு ஏசுராஜிடம் திரும்பினார். "தம்பி, நான் நம்பறேன். எனக்கு மட்டும் சொன்னா ஆச்சா? கரோலின் காலேஜ் முழுக்க அதைப் படிச்சிருக்கு. அவங்களுக்கு எல்லாம் யாரு சொல்றது? நாளைக்குச் சபைல அவங்க வீட்டுக்காரங்கதான் உக்காந்திருப்பாங்க."

அஃப்ஸர் தொண்டையைக் கனைத்தாள்.

"எங்க எழுதினாரோ அங்கயே எழுதுவாரு சார். சொந்தப் பேர்ல, சொந்த மூஞ்சியோட. பொண்ணு மேல தப்பில்ல, விசாரிச்ச ஆளு முட்டாளுன்னு. பொண்ணைப் பத்தின செய்தியை ஊரு ஒரு நாள்ல நம்பிச்சு. இதை அரை நாள்ல நம்பும், பாருங்க."

அப்படியே நடந்தது. ஆம்பூருக்குத் திரும்பியதும், தெருமுனை சென்டரின் சின்னக் கேமராவில் அஃப்ஸர் ஏசுராஜைப் படம் எடுத்தாள். முக்கால்வாசி முகம் நிழலில் இருக்கட்டும் என்று அவன் கேட்டதற்கு, டியூப்லைட்டைப் போட்டாள். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கும்வரை, பக்கம் பக்கமாகப் போய் ஒரே செய்தியை எழுதினான். 'பிரிசில்லா பெயரில் இருந்தது போலிப் பக்கம். அதைப் பற்றி இங்கே விசாரித்தவன் நான். விசாரிக்கத் தெரியாமல் விசாரித்தேன். பிழை முழுவதும் என்னுடையது. ஏசுராஜ், வெண்பனி துப்பறியும் நிலையம், ஆம்பூர்.' பாதி வழியில் முதல் பதில் வந்தது. ஐஸ் கம்பெனிக்கு இதெல்லாம் எதுக்கு என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை அவன் ஆம்பூர்க் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். ஓலையை நிறுத்தச் சொல்லி யாரும் ஆயரிடம் வரவில்லை. முன்வரிசையில் பிரிசில்லா. அவளுக்கு அடுத்து, பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கிருபா. இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. கிருபாவுக்கு மறுபக்கம் அந்தோணி, கைகளைக் கட்டிக்கொண்டு.

பாட்டு முடிந்து ஆயர் ஓலையை எடுத்தார். இரு வீட்டுப் பெயர்களையும் நிதானமாக வாசித்தார். "மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும் கேட்கிறோம். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்லலாம்."

சபை மொத்தமும் திரும்பி ஏசுராஜைப் பார்த்தது.

வாலிபர்கள், வாலிபர்கள் சொல்லிக் கேட்ட பெற்றோர்கள், பாடகர் குழு, காணிக்கைத் தட்டு ஏந்தியவர் என்று ஒருவர் பாக்கியில்லை. எல்லோருக்கும் அவன் முகம் தெரிந்திருந்தது. இனி இந்த ஊரில் எந்தத் தூணுக்குப் பின்னாலும் அவனால் மறைந்து நிற்க முடியாது. அந்தோணியும் திரும்பினான். நேற்று வாசலில் நின்ற சூப்பர்வைசரை அடையாளம் கண்டுகொண்டு, புருவத்தை நெரித்து, எழப்போவதுபோல ஒரு கையை பெஞ்சில் ஊன்றினான். கிருபாவின் தோள்கள் குறுகின. காலியாக இருந்த இடத்தைத் தாண்டி நகர்ந்து, பிரிசில்லா அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

ஏசுராஜுக்கு இந்தக் கதையில் எல்லாம் தெரியும். யார், ஏன், எப்படி என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதற்காகத்தான் அவன் இந்தத் தொழிலுக்கே வந்தான். எதிரே ஒரு சபை முழுதும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

அவன் வாயைத் திறக்கவில்லை.

ஆயர் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஓலையை மடித்து வைத்துவிட்டு, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் புதன்கிழமைக்கு மாற்றப்பட்டிருப்பதை அறிவித்தார்.